பூண் வைக்காத முழக்கோல்

இனி வரப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பெற்ற பிள்ளை மேல் ஆணை, குடிக்கிற தண்ணீர் மேல் ஆணை. எந்தக் கோர்ட்டில் கூண்டேறச் சொன்னாலும் இதையேதான் சொல்ல முடியும். நடுவில் யாருக்காவது சிரிப்பு வந்தால் அது அவரவர் பாடு. நடந்தது நடந்தபடிதான்.

ஒரு கொத்தனார். அவர் இருந்த ஊரில் வீடுகள் நூற்றுச்சொச்சம். அதில் அறுபத்தொன்று அவர் கைப்பட எழும்பியவை. அறுபத்தொரு குடும்பத்தைத் தரையில் குடிவைத்த மனுஷன் தான் மட்டும் மாடியில் இருந்தார். கீழே மாட்டுத் தீவனக் கடை, அது வேறொருவருடையது. மேலே ஒன்றரை அறை. பின்பக்கம் நீளவாக்கில் ஒரு துண்டு நிலம், அதன் கோடியில் கழிப்பறை. அந்தத் துண்டு மட்டும் அவருக்குச் சொந்தம். மாடியை யாரோ கட்டி வைத்திருக்க, வெளிப்பக்கத்துப் படிகளை அவரே கட்டிக்கொண்டார். பதினாலு படி.

பதினாலில் கடைசியாக மாடியைத் தொடும் படி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரம். ஏன் அப்படி வந்தது என்று அவருக்கே விளங்கியதில்லை. யாராவது தடுக்கிவிட்டுக் கேட்டால், "அது திருடனுக்கு வச்சது. அவசரமா ஏறுனா அங்கதான் காலை வாரும்" என்பார். பதினெட்டு வருஷத்தில் ஒரு திருடனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பதினெட்டாம் வருஷத்து மழைக்காலத்தில், படியெல்லாம் பாசி பிடித்திருந்த ஒரு காலையில், துணி வாளியோடு இறங்கிய அவர் மனைவிதான் அதில் விழுந்தாள்.

இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் வைத்திருந்துவிட்டு டாக்டர் சொன்னார்: "சமதரையில கம்பு ஊன்றி நல்லா நடப்பாங்க. நடக்கணும். நடக்காம படுத்தே கிடந்தா நுரையீரல்ல சளி கட்டிக்கும். படி மட்டும் இனிமே ஆகாது."

சமதரை எங்கே இருக்கிறது? நாலு பேர் நாற்காலியில் உட்கார வைத்து மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு உலகம் என்பது தெருப்பக்கத்து ஜன்னல்தான்.

"ஊருல இருக்கறவங்க முகமே மறந்துபோச்சுங்க" என்றாள் ஒருநாள். "எல்லாரும் உச்சந்தலையாத்தான் தெரியறாங்க. சொட்டைய வச்சு அடையாளம் வச்சிருக்கேன். உங்களுக்கும் பின்னால ஒரு ரூபாய் அளவுக்கு விழுந்திருக்கு, தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும், அது பின்னாலதானே இருக்கு."

"நான் பாத்துக்கறேன். கவலைப்படாதீங்க."

கொத்தனார் சமையலும் கற்றுக்கொண்டார். கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டார். அவள் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்பாள்: "உருளைக்கிழங்கையும் சாந்து மாதிரிதான் குழைப்பீங்களா? நாளைக்குச் சுவத்துல அப்பிப் பாருங்க, பிடிக்குதான்னு." அவர் பேசாமல் அவளுக்கு ஊட்டிவிட்டுத் தானும் சாப்பிடுவார். விடியற்காலையில் கழிப்பு வாளியை எடுத்துக்கொண்டு பதினாலு படி இறங்கிப் பின்பக்கம் போய்க் கொட்டிக் கழுவிக்கொண்டு வருவார். அவர் வாளியைத் தூக்கும் நேரத்தில் மட்டும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அப்போது கிண்டல் ஒன்றும் வராது.

பின்பக்கத்துத் துண்டில் ஒரு அறை, அதற்குள்ளேயே ஒரு கழிப்பறை, வாசலுக்குப் படியில்லாமல் ஒரு சரிவு. மூன்று வார வேலை. செங்கல் வந்து இறங்கிவிட்டது. மணலைச் சலித்துக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது வட்டார அலுவலகத்து எழுத்தர் சைக்கிளில் அந்தப் பக்கம் போனவர், காலை ஊன்றி நின்றார்.

"அனுமதி வாங்கியாச்சா?"

"என் இடத்துல ஒரு ரூமுதாங்க."

"இடம் உங்களது. கட்டடம் எங்களது. அனுமதி இல்லாம எழுப்பினா ஆள் வச்சு இடிப்போம்."

கொத்தனார் கயிற்றைச் சுருட்டினார்.

இந்த எழுத்தருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. ஊரார் வைத்த பெயர் 'அப்புறம்'. அலுவலக ஜன்னலில் யார் தலை தெரிந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அலுவலகம் தீப்பிடித்துக்கொண்டது என்று ஒருவன் ஓடிவந்து சொன்னபோதும் அதுவேதான் வந்தது. மேற்குச் சுவர் இன்றைக்கும் கருத்திருப்பது அதனால்தான். கோழிக்கூண்டு கட்ட விண்ணப்பித்த ஒருவர், அனுமதிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது கோழிகளெல்லாம் வயோதிகத்தால் இறந்திருந்தன. கோழிக்கு நரைக்கும் என்பதை உலகத்தில் முதலில் கண்டது அந்த ஊர்க்காரர்கள்தான்.

கொத்தனார் வாரம் தவறாமல் மூன்று மைல் நடந்து போனார்.

"வரைபடம் நாலு நகல் கேட்டேன். மூணுதானே இருக்கு" என்றார் அப்புறம்.

"போன வாரம் ஒண்ணு குடுத்தேனே ஐயா."

"அது ஃபைல்ல இருக்கு."

"அப்ப நாலாச்சே."

"ஃபைல்ல இருக்கறது ஃபைலோடது. அது கணக்குல சேராது."

நாலாவது நகல் போனதும், அந்த இடத்தில் பழைய கட்டடம் எதுவும் இல்லை என்பதற்குச் சான்று கேட்டார்.

"இல்லாததுக்கு யாருங்க சான்று குடுப்பா?"

"இருக்கறதுக்குச் சான்று எதுக்குங்க? அதான் கண்ணுக்குத் தெரியுதே."

கொத்தனாருக்கு அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது. அதுதான் அந்த ஜன்னலின் விசேஷம். அங்கே நிற்கும்வரை எல்லாம் சரியாகத்தான் தோன்றும். திரும்பி நடக்கும்போதுதான் பல்லைக் கடிக்க வரும். மூன்றாவது மைலில் கோபம் உச்சத்துக்கு வரும்போது வீடு வந்துவிடும். கோபத்தைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு மேலே ஏறுவார்.

"என்ன சொன்னாங்க?" என்பாள்.

"நடக்குது."

"யாரு, ஃபைலா? அதுக்காவது கால் இருக்கே."

எட்டாவது மாதம் அளவு எடுக்க ஆள் வந்தது. ஒரு பெண். வேலைக்குப் புதுசு. முட்டிவரை ரப்பர் ஷூ, தோளில் இரும்பு நாடா, கையில் பலகை. 'அப்புறம்' என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. வந்தவுடன் நாடாவின் ஒரு முனையைக் கொத்தனார் கையில் கொடுத்து, "பிடிச்சுக்கோங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நிலத்தின் கோடிக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை அளந்தாள். பலகையைப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் அளந்தாள்.

"ஐயா, பத்திரத்துல நீளம் இருபத்துநாலு அடி. நாடாவும் இருபத்துநாலுதான் காட்டுது. நீங்க வரைஞ்சு குடுத்ததுல இருபத்துநாலரைன்னு இருக்கு. இந்த அரை அடி எங்கேருந்து வந்தது?"

தீவனக் கடைக்காரர் எங்கிருந்தோ வந்து வேலியோரம் நின்றார். "அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். அவர் அதுவரை எதையும் கேட்பதாக இல்லை.

"நாடா இழுத்துப்போயிருக்கும்" என்றார் கொத்தனார்.

"இரும்பு இழுக்காதுங்க. நீங்க எதுல அளந்தீங்க?"

அவர் உள்ளே போய்த் தன் முழக்கோலை எடுத்துவந்தார். ஆறடிக் கோல். கைபட்டுக் கைபட்டுக் கறுத்து, கண்ணாடி மாதிரி இருக்கும். அடிக்கு ஒரு வெட்டு, அங்குலத்துக்கு ஒரு கீறல். அவள் அதைத் தரையில் வைத்துப் பக்கத்திலேயே நாடாவை நீட்டினாள். நாடா ஆறடியைத் தொடுவதற்கு முன்பே கோல் முடிந்துவிட்டது. ஒன்றரை அங்குலம்.

"தேஞ்சிருக்குமோ?"

"ரெண்டு முனையும் அறுத்தது அறுத்தபடி கூரா இருக்கே ஐயா. இதை யாரு செஞ்சது?"

"நான்தான். எனக்கு வேலை கத்துக்குடுத்தவரோட கோலைப் பக்கத்துல போட்டு அப்படியே அளவெடுத்து அறுத்தேன். ஒரு மயிரிழை மாறல. அவரோடதுல ரெண்டு பக்கமும் இரும்புப் பூண் இருந்தது, உலக்கைக்கு இருக்குமே, அந்த மாதிரி. எனக்கு அப்ப இரும்புக்கு வழியில்ல. அதனால பூணை விட்டுட்டு..."

சொல்லிக்கொண்டே குனிந்து கோலின் வெறும் முனையைத் தடவினார்.

அவள் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "பூணோட சேத்துத்தாங்க ஆறடி" என்றாள் மெதுவாக.

பூண் முனை பிளக்காமல் இருக்கப் போடுவது என்றுதான் நாற்பது வருஷமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அளவு மரத்தில் இருக்கிறது, இரும்பு அதற்குச் சட்டை. இருபது வயதில் அப்படித் தோன்றியது. அதற்குப் பிறகு வேறு மாதிரித் தோன்ற அவசியமே வரவில்லை. அவர் கோலும் அவர் சுவரும் என்றைக்கும் ஒத்துத்தான் போயின.

"இதை வச்சு வேற எங்கயாவது கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள். சூதில்லாத கேள்விதான். கொத்தனாரும் சூதில்லாமல், பழக்கத்தில் வந்த பெருமையோடு சொல்லிவிட்டார்: "ஊருல பாதி நம்ம கைதான். அறுபத்தோரு வீடு."

அவளிடம் இருந்த படிவத்தில் 'அளவெடுத்த கருவி' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த அலுவலகம் தோன்றியதிலிருந்து யாரும் நிரப்பாத கட்டம். அவள் நிரப்பினாள்.

"உங்க ரூமுக்கு ஒரு குறையும் இல்லைங்க. அரை அடி குறைச்சு வரைஞ்சு குடுங்க, பத்து நாள்ல அனுமதி வந்துடும். நானே எழுதறேன்." அவள் அப்படியே செய்யக்கூடியவள்தான். போகும்போது மேலே ஜன்னலைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் கொத்தனார் கோலை எடுத்துக்கொண்டு படிகளில் ஒவ்வொன்றாக அளந்துகொண்டே ஏறினார். மாடி உயரம் யாரோ காகிதத்தில் எழுதிக் கொடுத்தது, சரியான அளவு. படிக்கு ஏழு அங்குலம் என்று அவர் பிரித்தது தன் கோலால். பதின்மூன்று படியிலும் மயிரிழை மயிரிழையாகக் குறைந்தது எல்லாம் சேர்ந்து கடைசிப் படியின் தலையில் போய் ஏறிக்கொண்டது. இரண்டு அங்குலம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். திரும்பவும் எண்ணிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார்.

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"அப்ப அது திருடனுக்கு வச்சது இல்லையா?"

"இல்ல."

"நல்லவேளை" என்றாள். "இத்தனை நாளா நான் என்னத்தைத் திருடினேன்னு யோசிச்சுட்டுக் கிடந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கையை நீட்டி, அந்த ரூபாயளவு சொட்டையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"பத்து நாள்னு சொன்னாளே அந்தப் பொண்ணு. அதைப் பாருங்க."

பத்து நாள் நிறையவில்லை. படிவம் மேசைக்கு வந்த அன்று அப்புறம் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார் என்கிறார்கள். அவருக்கு முழங்கால் இருப்பது அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. பதிவேட்டில் எழுதியிருக்கும் அளவும் வீட்டின் அளவும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வீட்டுக்காரர் புதிதாக அனுமதி வாங்க வேண்டும், அதுவரை விற்கவோ பிள்ளைக்கு எழுதிவைக்கவோ முடியாது. அப்படி ஒரு விதி. அறுபத்தொரு வீட்டின் அளவும் பதிவேட்டில் கொத்தனார் சொன்னபடி ஏறியிருந்தது. புதிதாக அனுமதி வாங்குவது எப்படிப்பட்ட காரியம் என்பதை ஊரே எட்டு மாதமாக, வாரம் தவறாமல், சாலையில் நடந்துபோன அவர் முதுகில் பார்த்திருந்தது.

அதோடு ஊருக்கு வேறு பல சங்கதிகளும் ஒரே நாளில் விளங்கிவிட்டன. வெளியூரில் வாங்கிய பீரோ ஏன் எந்த வீட்டிலும் சுவரோடு பொருந்துவதில்லை. பேக்கரிக்காரர் ஏன் தட்டுகளை ஓரம் வெட்டித்தான் அடுப்புக்குள் தள்ள வேண்டியிருந்தது. அந்த ஊர்க்காரனை எந்தச் சந்தையிலும் நெற்றித் தழும்பை வைத்தே ஏன் கண்டுபிடித்தார்கள். வாசல் நிலைகள் எல்லாமே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தாழ்வு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தபோது, மூன்று பேர் படியேறி வந்தார்கள். பேக்கரிக்காரர், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், கொத்தனாருடைய மனைவியின் சொந்தத் தம்பி. தம்பி டயர் கடை வைத்திருந்தான். மூவருமே கடைசிப் படியில் தடுக்கினார்கள்.

பேக்கரிக்காரர் ஒரு பெரிய ரொட்டியை மேசைமேல் வைத்தார். "எப்படிம்மா இருக்கீங்க?"

"பேக்கரிக்காரரா? குரலை வச்சுத்தான் சொல்றேன். உங்க மண்டைதான் எனக்குப் பழக்கம். மூஞ்சி இப்படியா இருக்கும்?"

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "கொத்தனாரே, உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"வருத்தம் இருந்தா இருக்குன்னு சொல்லுங்க சார். ரொட்டியைக் கொண்டுவந்து வச்சுட்டு இல்லைன்னா எப்படி?" என்றார் கொத்தனார்.

"சரி, இருக்கு. என் பொண்ணுக்கு அந்த வீட்டை எழுதிவைக்கணும். மாப்பிள்ளை வீட்டுல கேட்டுட்டே இருக்காங்க. இப்ப எல்லாம் நிக்குது."

"அத்தான்" என்றான் தம்பி. அவன் அதுவரை அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. "நான் போய் அப்புறத்துகிட்டப் பேசினேன். அந்தப் பொண்ணோட ரிப்போர்ட் உங்க ஃபைலுக்குள்ள இருக்கு. உங்க அனுமதி வந்தா ஃபைல் தலைமை ஆபீசுக்குப் போகும். அங்க போனா அறுபத்தோரு வீடும் மாட்டிக்கும். நீங்களே விண்ணப்பம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா ஃபைலை மூடி இங்கயே கட்டிப் போட்டுடுவாங்க. ரிப்போர்ட்டும் உள்ளயே கிடக்கும்."

"அந்தப் பொண்ணு?"

"அதை வேற வட்டாரத்துக்கு மாத்தியாச்சு."

கொத்தனார் கேட்டார்: "அப்ப உங்க அக்காவுக்கு ரூம்?"

தம்பி மேசைமேல் இருந்த ரொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"அதுக்குத்தான் வந்தோம்" என்றார் பேக்கரிக்காரர். "நாங்க இத்தனை பேர் இருக்கோம். எப்ப கீழ வரணும்னு தோணுதோ, ஜன்னல்லேருந்து ஒரு குரல் குடுத்தாப் போதும். நாலு பேர் வந்து நாற்காலியோட தூக்கிட்டுப் போறோம். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடறோம். இது சத்தியம்."

"தினமுமா?" என்று கேட்டாள் அவள்.

"தினமும்."

"வாளியையும் சேத்தா?"

பேக்கரிக்காரர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"டேய் தம்பி" என்றாள். "உன் வீடும் அவர் கட்டினதுதானே?"

"ஆமாக்கா."

"நீ பிறந்தப்ப அம்மாவுக்கு ஜுரம். நாப்பது நாள் உன்னை இடுப்புல வச்சு நான்தான் சுமந்தேன். இப்ப உடைஞ்சிருக்கே, அதே இடுப்பு."

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்? புள்ளைங்க இருக்கு."

"ஒண்ணும் பண்ணவேண்டாம். சும்மா கேட்டேன். வீடு நல்லாருக்கா?"

"நல்லாருக்குக்கா."

"அப்ப சரி."

அவர்கள் கொண்டுவந்திருந்த காகிதத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஹெட்மாஸ்டர் கையெழுத்து அழகானது. கொத்தனார் அதைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் தனக்குத் தெரியாமல் அறுபத்தொரு வீட்டில் செய்த தப்பு ஒருபக்கம். தன் வீட்டில் செய்த தப்பு எதிரே கட்டிலில் கிடந்தது. எதற்கு முதலில் ஈடு கட்டுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நீ சொல்லு, இவளே. நீ வேண்டாம்னா நான் போடல. எவன் வந்து என்ன பண்ணிடுவான்?"

"போடுங்க" என்றாள். "போடலைன்னா நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலை குடுக்க மாட்டாங்க. ஒரு டீ குடுக்க மாட்டாங்க. நான் மேலேருந்து பாக்கறேன்ல, ஒருத்தன் தலையும் உங்க பக்கம் திரும்பாது."

அவர் போட்டார். போட்ட பிறகும் ஊரில் யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை.

முதல் வாரம் நாலு பேர் இரண்டு தடவை வந்தார்கள். அவளைக் கீழே தூக்கிப்போய் மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் கம்பை ஊன்றி எழுந்து செங்கல் அடுக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "தரை கொஞ்சம் ஆடுது" என்றாள், சிரித்துக்கொண்டே. இரண்டாவது வாரம் ஒரு தடவை. மூன்று பேர்தான் வந்ததால் பாதிப் படியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் மழை. அதற்குப் பிறகு ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தால் கீழே போகிற தலைகள் சற்று வேகமாகப் போயின. ஒருவர் தொப்பி வாங்கிவிட்டார். "புத்திசாலி, இப்ப யாருன்னே தெரியல" என்றாள் அவள். பிறகு குரல் கொடுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

குளிர் முடிவதற்குள், டாக்டர் சொன்னபடியே, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒன்பது நாள். கடைசி நாளில் அவர் குழைத்த உருளைக்கிழங்கை இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, "இன்னிக்குப் பதம் பரவாயில்ல" என்றாள்.

அவளைக் கீழே கொண்டுவர ஊரே வந்தது. யாரும் கூப்பிடவில்லை, தாங்களாகவே வந்தார்கள். நாலு பேர் போதும் என்ற இடத்தில் எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். பேக்கரிக்காரர் தலைமாட்டில், தம்பி கால்மாட்டில். கடைசிப் படியைக் கொத்தனார் முதல்நாளே தனியாக உட்கார்ந்து உளியால் செதுக்கிச் சரிபண்ணி வைத்திருந்தார். ஒருவருக்கும் கால் தடுக்கவில்லை.

அந்த வட்டாரத்தில் வீடு கட்ட அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் முதன்முதலாக வந்ததே, அவள் போய் நாலு வருஷம் கழித்துத்தான்.